ஹேண்டில்பாரில் மூன்று பெட்டி

சித்தப்பா மகன் போன வருடம் ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினான். முதலில் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை, அப்புறம் கேளம்பாக்கம் வரை என்று தூரம் கூடக் கூட அவனுக்கும் இந்த நோய் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். "அண்ணா, சைக்கிள் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும். நாலாயிரத்துக்கும் இருக்கு, அம்பதாயிரத்துக்கும் இருக்கு. ரெண்டும் கிலோமீட்டர்தானே காட்டுது?"

பத்து வருடமாக ஓட்டுகிறேன், இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பார்த்துச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. ரெண்டும் கிலோமீட்டர்தான் காட்டுகிறதா என்பது உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

ஹேண்டில்பாரில் மாட்டும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, முதன்முதலில் வாங்கிய மலிவுப் பெட்டி. மேப் கிடையாது, நாலைந்து எண் காட்டும், அவ்வளவுதான். இன்னொன்று நடுத்தரம். இப்போது தினமும் ஓட்டுவது, சக்கர ஹப்பில் மாட்டிய ஸ்பீடு சென்சாரோடு. மூன்றாவதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஒரு நண்பரிடம் கெஞ்சி வாங்கினேன். அரை லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கியிருந்தார். "கீழே போட்டீங்கன்னா அப்படியே ஊரை விட்டுப் போயிடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மூன்றின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு பீஸை ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு கம்பெனி மேல் பழி போடுவது நியாயமில்லை. தவிர, இந்தப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனிகளில் கார்மின் ரசிகர்களும் வாஹூ ரசிகர்களும் மோதிக்கொள்வதைப் பார்த்தால் ரஜினி, கமல் ரசிகர்கள் எவ்வளவோ தேவலை. எனவே மலிவு, நடுத்தரம், விலை உயர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு காலை நாலே முக்கால். வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழே, தூண்களுக்கு நடுவில் கார் பார்க்கிங். சைக்கிள் நிற்பதும் அங்கேதான். தலைக்கு மேல் நாலு மாடி கான்கிரீட் இருக்கும்போது எந்தப் பெட்டிக்கும் வானம் தெரியாது. கேட்டுக்கு வெளியே வந்து நடுத்தெருவில் நின்றால்தான் சிக்னல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட அவற்றில் நாலு பேராவது கண்ணில் பட வேண்டும். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் அணைந்து கிடந்த பெட்டி அதை ஆரம்பத்திலிருந்து காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். விலை உயர்ந்தது ஐந்தாறு நொடியில் தயார், ஏனென்றால் முந்தின ராத்திரியே போன் வழியாகச் செயற்கைக்கோள்களின் இருப்பிடக் கணிப்பை இறக்கி வைத்திருந்தது. மலிவு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிடமும் வாட்ச்மேனும் தெருநாயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், ஒரு சைக்கிளுக்கு மூணு மீட்டரா?" என்றார் வாட்ச்மேன். ஆட்டோவுக்கு ஒன்றே ஒழுங்காக ஓடாத ஊரில் அவர் கேட்டதில் தப்பில்லை.

பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை என்று போய் ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம், அதே வழியில் திரும்பி வருவது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். திருவான்மியூர் வழியாகவும் போகலாம், ஆனால் எனக்கு பெரும்பாக்கம் வழி பிடிக்கும். அதற்குக் காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, பறங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அளந்த கருவி 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தி, கிட்டத்தட்ட நானூறு முறை அந்தச் சங்கிலியைப் போட்டுப் போட்டு எடுத்து அளந்தார். பிற்பாடு இமயமலை வரை போன சர்வேக்கு அஸ்திவாரம் இந்தக் கோடுதான். அந்த 12 கிலோமீட்டருக்கு அவர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, அதே பக்கத்துச் சாலையில் மூன்று பெட்டியோடு அரை மணி நேரத்தில் கடந்து போவது எனக்கு ஒரு தனி சுகம்.

சரி, எண்களுக்கு வருகிறேன். வீட்டு கேட்டுக்குத் திரும்பியபோது மணி பத்தரை. மலிவு 101.1 கிலோமீட்டர் என்றது. நடுத்தரம் 98.7. விலை உயர்ந்தது 99.6. ஒரே ஹேண்டில்பார், ஒரே சக்கரம், ஒரே முதுகுவலி. ஆனால் மலிவுக்கும் நடுத்தரத்துக்கும் இரண்டரை கிலோமீட்டர் வித்தியாசம்.

முதலில் மலிவைப் பிடித்துக் குடைந்தேன். அது போட்ட தடத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், கோவளம் முனையில் டீ குடிக்க நின்ற இடத்தில் ஒரு நூல்கண்டு. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது, நான் பெஞ்சில் உட்கார்ந்து பட்டர் பன் தின்றிருக்கிறேன். ஆனால் பெட்டி மட்டும் கடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. ஜிபிஎஸ் எப்போதும் நாலைந்து மீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடுமாறும். நகரும்போது அது தெரியாது. நிற்கும்போது ஒவ்வொரு தடுமாற்றமும் தூரமாகக் கூடிவிடும். வண்டி நின்றால் தானே நிறுத்திக்கொள்ளும் ஆட்டோ பாஸ் வசதியை நான் அதில் போட்டு வைக்கவில்லை. போகவும் வரவும் இரண்டு டீ, ஒரு இட்லி, மாமல்லபுரத்தில் ஒரு பஞ்சர். நின்ற நேரமெல்லாம் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சில பெட்டிகள் மெமரியை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு நொடியும் பதியாமல் நாலைந்து நொடிக்கு ஒருமுறை பதியும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறோம். திருவல்லிக்கேணிச் சந்துகளில் அப்படிப் பதிந்தால் தெருமுனைகளையெல்லாம் வெட்டிக்கொண்டு, வீடுகளுக்குள் புகுந்து போன மாதிரி கோடு விழும். தூரம் குறையும். ஈசிஆர் மாதிரி நீட்டிப் படுத்த சாலையில் இந்தப் பிரச்சினை கிடையாது. அதனால்தான் ஈசிஆர் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "என் பெட்டி துல்லியம்" என்று யாராவது சொன்னால் நான் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழே, மெட்ரோ பாலத்தின் ஓரமாக, ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களின் அடியில் ஓட்டிவிட்டுச் சொல்லட்டும். அங்கே சிக்னல் நேராக வராது. சுவரில் பட்டுத் தெறித்து, சுற்று வழியில், தாமதமாக வந்து சேரும். பெட்டி அதை நம்பி நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைக்கும். விலை உயர்ந்த பெட்டிகள் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையிலும் கேட்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால் நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரிப்பது சுலபம். காசு அதிகம் கொடுத்ததற்குப் பலன் கண்ணால் தெரிந்தது எனக்கு இந்த ஒரு இடத்தில்தான். கிண்டியைச் சுற்றி இன்னொரு நாள் ஓட்டியபோது விலை உயர்ந்தது சாலையிலேயே இருந்தது, மலிவு ரயில் தண்டவாளத்தில் போயிற்று.

நடுத்தரம் ஏன் குறைத்துச் சொன்னது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. குற்றவாளி நான். அது ஜிபிஎஸ் தூரத்தை எடுத்துக்கொள்ளாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, சுற்றளவால் பெருக்கும். பழைய காலத்து கேட்ஐ மீட்டர் ஆரக்கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார் வைத்துச் செய்த அதே வேலை. 25 மில்லிமீட்டர் டயர் போட்டிருந்தபோது அட்டவணையைப் பார்த்து 2105 மில்லிமீட்டர் என்று சுற்றளவு கொடுத்திருந்தேன். போன மழைக்காலத்தில் குழிகளுக்குப் பயந்து 28 டயருக்கு மாறினேன். எண்ணை மாற்ற மறந்துபோனேன். 28 டயருக்கு அட்டவணை சொல்வது 2136.

அட்டவணையை மறுபடியும் நம்புவானேன் என்று நேராகவே அளந்தேன். லாம்டன் பேய் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஏழு மணி, பார்க்கிங் தரை. டயரில் காற்றுக்குழாய் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, தரையில் தொடும் இடத்தில், ஈரத்தைத் தொட்டுக் கோலமாவை அப்பினேன். சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்து, சுவரைப் பிடித்தபடி, நேர்க்கோட்டில் மெதுவாக உருட்ட வேண்டும். இறங்கித் தள்ளினால் பயனில்லை, நம் எடை ஏறினால்தான் டயர் நசுங்கி உண்மையான அளவு வரும். உருட்ட உருட்டத் தரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. முதல் பொட்டு பளிச்சென்று, ஐந்தாவது தாண்டி ஆறாவது மங்கலாக. தையல்காரர் டேப் ஒன்றரை மீட்டர்தான், போதாது. பக்கத்து பிளாட்டில் டைல்ஸ் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் இரும்பு டேப் வாங்கினேன். அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். முதல் பொட்டிலிருந்து ஆறாவது பொட்டு வரை, ஐந்து சுற்றுக்கு, 10 மீட்டர் 62 சென்டிமீட்டர். வகுத்தால் 2124. அட்டவணை சொன்னதற்கு 12 மில்லிமீட்டர் குறைச்சல். என் தொப்பையும் டயர் காற்றும் சேர்ந்து தின்றது அது. "கோலம் அளவு சரியா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். வீட்டில் மாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

2124 என்று திருத்தியபின் அடுத்த ஞாயிறு அதே வழி. நடுத்தரம் 99.5, விலை உயர்ந்தது 99.6. மலிவில் ஆட்டோ பாஸைப் போட்டேன், 99.9. தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்: ஆமாம்டா, ரெண்டும் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, செட்டிங்கை ஒழுங்காக வைத்தால்.

ஏற்றத்தின் கதை வேறு. சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம், முட்டுக்காடு பாலம், வேண்டுமென்று தேடிப் போனால் பறங்கிமலை. அந்த மலையே 300 அடிதான். மாமல்லபுரம் போய் வந்ததற்கு மலிவு 410 மீட்டர் ஏறியதாகச் சொன்னது. மற்ற இரண்டும் 60 மீட்டரை ஒட்டிச் சொன்னன. ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கவாட்டில் இருக்கும் துல்லியம் மேல்கீழில் கிடையாது, செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் நல்ல பெட்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் வைத்திருப்பார்கள். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். பாலம் ஏறி இறங்குவதையெல்லாம் அது அழகாகப் பிடிக்கும்.

ஆனால் அதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு, எனக்கு அது பிடிபட ரொம்ப நாளாயிற்று. கிளம்பும்போது வீட்டு உயரத்தை 5 மீட்டர் என்று வைப்பேன். திரும்பி வரும்போது அதே கேட்டில் மைனஸ் 17 காட்டும். ஒரு நாளல்ல, கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும் இதே கதை. பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தத்துக்கே கடல் மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. விடிகாலை நாலு மணி வாக்கில் இறங்கி, காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நாலுக்கு மறுபடி இறங்கும். புயலோ மழையோ இல்லாத நாளிலும் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இந்த ஆட்டம் நடக்கும். நாம் கிளம்புவது அழுத்தம் குறைந்த நேரம், திரும்புவது உச்சத்தில். பெட்டி பாவம், அழுத்தம் கூடினால் நாம் பள்ளத்தில் இறங்கிவிட்டோம் என்று எடுத்துக்கொள்கிறது. வேளச்சேரி கடல்மட்டத்துக்கு 17 மீட்டர் கீழே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் சமயத்திலும் எங்கள் தெருவில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்கள்.

பாரோமீட்டரின் அருமை ஏலகிரியில் தெரியும். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், அடுத்த துண்டு எவ்வளவு செங்குத்து என்று கலர் கலராகக் காட்டும் வசதியைப் பல கம்பெனிகளும் கொடுக்கின்றன. கார்மினில் அதற்கு கிளைம்ப்ப்ரோ என்று பெயர். நண்பர்கள் இதற்காகவே காசு கொடுக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பத்தாவது வளைவில் மூச்சு வாங்கும்போது இன்னும் 300 மீட்டர் ஏற வேண்டும் என்று ஒரு பெட்டி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வளைவுப் பலகையில் இருக்கும் வள்ளல் பெயரைப் படித்துக்கொண்டு ஏறினால் போதும்.

இந்த ஊருக்கு எது முக்கியம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது திரை. ஏப்ரல், மே மாதம், காலை எட்டரைக்கே நெம்மேலிப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். சைக்கிள் கம்ப்யூட்டர் திரைகள் பெரும்பாலும் வெளியே இருந்து விழும் வெளிச்சத்தையே திருப்பி அடித்துக் காட்டும் வகை. வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகும். போன் திரை அப்படியே எதிர். தன் வெளிச்சத்தால் சூரியனோடு சண்டை போட்டு, தோற்று, சூடாகி, கடைசியில் வெப்ப எச்சரிக்கை போட்டுவிட்டு மூடிக்கொள்ளும். என் போன் கோவளத்தில் அப்படிப் படுத்த அன்றுதான் முதல் பெட்டியே வாங்கினேன். போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் அதிர்வுக்கும் ஆகாது. மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. சைக்கிளில் இன்ஜின் இல்லைதான், ஆனால் நம் சாலைகள் அந்தக் குறையை வைப்பதில்லை.

இரண்டாவது, பொத்தான். டச் திரை வீட்டு சோபாவில் வெண்ணெய். வேர்வை ஊறிய விரலில், அதுவும் உப்புக்காற்றும் சேர்ந்த ஈசிஆரில், பிசாசு. மழைத்துளி விழுந்தால் தானே பக்கம் புரட்டும். ஒரு நவம்பர் மழையில் நண்பரின் டச் பெட்டி தன்னிஷ்டத்துக்கு ஓட்டத்தை நிறுத்தி, சேமித்து, புது ஓட்டம் தொடங்கியது. கார்மினில் 2019இல் வந்த 530க்கும் 830க்கும் பெரிய வித்தியாசமே இதுதான், ஒன்று பொத்தான், மற்றது டச். 2023இல் வந்த 540 பொத்தான் மட்டும், 840இல் டச்சோடு பொத்தானும் உண்டு. வாஹூவின் 2021 போல்ட் முழுக்கப் பொத்தான்தான், செட்டிங் எல்லாம் போனிலேயே செய்துகொள்ளலாம். ஹேமர்ஹெட் கரூ ஆண்ட்ராய்டு அடிப்படையில் ஓடுவது, திரை ஒரு குட்டி போன் மாதிரி பளபளக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பேட்டரி. இது எல்லாருக்கும் முக்கியமில்லை. மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறவருக்கு எந்தப் பெட்டியும் போதும். ஆனால் ப்ரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டும் ஆசை வந்தால் கணக்கு மாறும். 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. இந்த நாலையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ரான்டோனியர் பட்டம். இப்போது பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் மணி நேரத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 2021 போல்ட்டுக்குக் கம்பெனி சொல்வது 15 மணி, 530க்கு 20, 540க்கு 26. கம்பெனி சொல்லும் மணி என்பது அவர்கள் ஊர் குளிரில், அவர்களுக்குப் பிடித்த செட்டிங்கில் என்று வைத்துக்கொண்டு கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கழிக்கவில்லை. என் முதல் 300இல் நடுத்தரப் பெட்டியில் மேப்பும் போட்டு, ராத்திரி முழுக்கத் திரை விளக்கையும் எரிய விட்டு, 260ஆவது கிலோமீட்டரில், திண்டிவனம் தாண்டி எங்கோ ஒரு புளியமரத்தடியில் அது கண்ணை மூடியது. பவர் பேங்க் இருந்தது. ஆனால் அப்போது தூறல். அடியில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து யுஎஸ்பி ஒயரை மாட்டினால் தண்ணீர் உள்ளே போகும் என்று பயந்து, பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கடைசியில் எதுவும் சரிப்படாமல் ஜெர்சிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருப்பது மூடி மூடியிருக்கும்போது மட்டும். மீதித் தூரத்துக்கு டீக்கடையில் வழி கேட்டேன். "நேரா போ, பாலம் வரும், ஏறாத" என்றார் ஒரு பெரியவர். மூன்றரை மணி நேரமாகப் பெட்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த "யு டர்ன் எடு, யு டர்ன் எடு" என்பதைவிட அது உருப்படியாக இருந்தது. சர்வீஸ் ரோட்டில் போனால் மெயின் ரோட்டை விட்டு விலகிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். நல்லவேளை, ப்ரெவேயில் நாம் ஓட்டியதற்குச் சாட்சி பெட்டியல்ல, கன்ட்ரோல் என்னும் சோதனை இடங்களில் முத்திரை வாங்கும் அட்டையும், வழியில் எடுத்து வைக்கும் ஏடிஎம் ரசீதும்தான்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டை, பெடல் சுற்றும் வேகத்தை எண்ணும் கேடன்ஸ் சென்சார் வாங்கினால் ஒயர் இல்லாமல் தகவல் அனுப்பும் ஏஎன்டி பிளஸ், புளூடூத் இரண்டும் இருப்பதாக வாங்குங்கள். ஏஎன்டி பிளஸ் ஒலிபெருக்கி மாதிரி, எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கேட்கலாம். என் மூன்று பெட்டிக்கும் ஒரே பட்டையிலிருந்து இதயத்துடிப்பு போனது அப்படித்தான். அவற்றின் பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் வேரியா ரேடார் 140 மீட்டர் வரை பிடிக்கும். விடிகாலை ஈசிஆரில் அது வரம், மேடவாக்கம் ஜங்ஷனில் அது ஓயாமல் அலறும். விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி நல்லதுதான். ஆனால் நான் நாய்க்காகப் படாரென்று பிரேக் பிடித்ததை ஒருமுறை விபத்து என்று முடிவு கட்டி என் மனைவிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டது. அவர் பதறிப்போய் அனுப்பிய தமிழ் மெசேஜ்கள் என் திரையில் கட்டம் கட்டமாக வந்தன. ஏதோ மளிகை லிஸ்ட் என்று நினைத்து நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டில் நடந்தது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

இன்னொன்று, ஓட்டிய ஃபைலை ஒயர் போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள். 2020 ஜூலையில் சைபர் தாக்குதலால் கார்மினின் சேவைகள் பல நாள் முடங்கியபோது, பெட்டிக்குள் ஓட்டம் பதிந்திருந்த ஃபிட் ஃபைலைக் கையால் எடுத்து, ஓட்டங்களைச் சேமித்துப் பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் ஏற்றியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் போனில் சொல்லவில்லை. வேளச்சேரிக்கு வரச் சொன்னேன். பட்ஜெட் பத்தாயிரத்துக்குள் என்றால் ஐஜிபிஎஸ்ஸ்போர்ட், மஜீன், பிரைட்டன் பக்கம் பார், பொத்தான் இருக்கட்டும், பாரோமீட்டர் இருக்கட்டும், மேப் இல்லாவிட்டால் பரவாயில்லை, கோட்டை மட்டும் காட்டினால் போதும் என்றேன். ப்ரெவே ஓட்டப்போகிறாயா என்று கேட்டேன். "தெரியலண்ணா" என்றான். தெரியவில்லை என்றால் இப்போது அரை லட்சம் போடாதே. முதலில் இதை மூன்று மாதம் ஓட்டு என்று என் மலிவுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். ஆட்டோ பாஸைப் போட்டுக் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே வந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பத்து மணிக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், மூச்சிரைத்தபடி. "அண்ணா, கேளம்பாக்கம் போயிட்டு வந்ததுல 380 மீட்டர் ஏறியிருக்கேனாம். எந்த மலைண்ணா அது?"